மூலைக் காவல்காரி

லிஃப்ட்டுக்காரருக்குக் கால்பந்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆறேழு வயசுப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷமாகக் கோச்சாக இருக்கிற மனுஷனைப் பற்றி எடுத்த எடுப்பிலேயே இப்படியா என்று முகம் சுளிக்க வேண்டாம். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார், அதுவும் பெருமையாக.

அவர் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் ஃபோன் இவருக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கூப்பாடு போடுவார்கள். இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, "இதோ, ரெண்டே நிமிஷம். காத்து வருதுல்ல? அப்படியே தரையில உக்காருங்க" என்பார். ரெண்டு நிமிஷத்தில் எந்த லிஃப்ட்டும் நகராது, அது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளே அழுகை நின்றுவிடும். "இது பொய் இல்ல, மருந்து" என்பார் மனைவியிடம். இந்த மருந்தைக் கடைசியில் எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்பதுதான் கதை.

கோச் ஆனது ஒரு விபத்து. மகன் சின்னவனாக இருந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு விளையாடக் கூட்டிப்போவார். அப்போதிருந்த கோச்சுக்கு மாற்றல் வந்தது. அவர் கழுத்து விசிலைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டோரமாக நின்ற அப்பாக்களை ஒரு நோட்டம் விட்டார். எல்லா அப்பாக்களும் சொல்லிவைத்தாற்போல் ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். இவர் ஒருத்தர்தான் அசடு மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். விசில் இவர் கழுத்துக்கு வந்தது. மகன் வளர்ந்து கால்பந்தை விட்டான், அப்பாவிடம் பேசுவதையும் ஏறக்குறைய விட்டான். அப்பா மைதானத்தை விடவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குக் கோச் என்றால் என்னவோ வியூகம் வகுக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் ஷூ லேஸ் கட்டிவிடுவதில் போகும். மீதியில் பாதி, எந்தத் தண்ணி பாட்டில் யாருடையது என்ற பஞ்சாயத்து. பந்து எங்கே போகிறதோ அங்கே இரண்டு டீமும் மொத்தமாக ஈ மொய்க்கிற மாதிரி மொய்க்கும். கோல் காக்க வேண்டியவன் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருப்பான். ஆட்டம் நடக்கும்போதே ஒருத்தி வந்து, "சார், எனக்குப் பல்லு ஆடுது, தொட்டுப் பாருங்க" என்பாள். லிஃப்ட்டுக்காரர் தொட்டுப் பார்ப்பார். கிரீஸ் போகாத விரல்தான், பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை. பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதில் பொய் இல்லை.

ஒரே ஒரு குறை. அவர் டீம் எந்த வருஷமும் கப் வாங்கியதில்லை. கப் எப்போதும் பூங்கா டீமுக்குத்தான் போகும். அந்த டீமின் கோச் எப்போதும் ஒரு தொப்பி போட்டிருப்பார், பேரே தொப்பி என்று ஆகிவிட்டது. தொப்பி ஒவ்வொரு வருஷமும் கப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, "பரவால்ல சார், ஜெயிக்கிறதா முக்கியம்? பிள்ளைங்க சந்தோஷமா இருந்தா போதும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார். தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த ஆறுதலைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? லிஃப்ட்டுக்காரருக்கு வயிறு எரியும். வெளியே சிரித்துவைப்பார்.

இந்த வருஷம் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பல் டாக்டரின் மகன் டீமுக்கு வந்து சேர்ந்தான். அவனைக் குதிரை என்று கூப்பிட்டார்கள். பந்து காலில் பட்டால் போதும், மறுபக்கம் போய்த்தான் நிற்பான். லிஃப்ட்டுக்காரர் மனசுக்குள் கப்பை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

அதே வருஷம்தான் தங்கச்சி மகளும் வந்தாள்.

தங்கச்சிக்கு ரயில்வே டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. அவள் வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். பெண்ணுக்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்ததால் சுண்டு என்றே நிலைத்துவிட்டது. தங்கச்சி ஒருநாள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அண்ணன் முன்னால் நிறுத்தினாள்.

"அண்ணா, ஸ்கூல்ல இவ வாயே திறக்கறதில்லையாம். டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க. வீட்டுல பாரு, வாய் மூடறதில்ல. நாலு பிள்ளைங்களோட விழுந்து எழுந்தா சரியாயிடும்னு தோணுது. ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி, கூட வர முடியாது. நீ இருக்கிற தைரியத்துலதான் விடறேன்."

"என் மருமகளை நான் பாத்துக்க மாட்டேனா? நீ போ, நிம்மதியா டிக்கெட்டைக் கிழி" என்றார் லிஃப்ட்டுக்காரர்.

சுண்டு யோசிக்கிற பிள்ளை. பந்து வரும், அதைப் பார்ப்பாள், எந்தக் காலால் அடிக்கலாம் என்று நிதானமாக முடிவு பண்ணுவாள். அதற்குள் பந்து போய் வெகுநேரம் ஆகியிருக்கும். ஒரு ஆட்டத்தில் எதிர் டீம் பையன், "ஏய், பந்தக் குடு" என்று கேட்டான். யார் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், கொடுத்துவிட்டாள். அவன் வாங்கிக்கொண்டுபோய்க் கோல் போட்டான். "அவன் தேங்க்ஸ் சொன்னான் மாமா" என்று வந்து சந்தோஷமாகச் சொன்னாள். இன்னொரு ஆட்டத்தில் முதல்முறையாகப் பந்தை ஓங்கி அடித்தாள். நேராகச் சொந்த கோலுக்குள் போனது. அதற்கும் கையைத் தூக்கிக் குதித்தாள். கோட்டோரத்தில் அம்மாக்கள் உச்சுக்கொட்டினார்கள்.

பல் டாக்டர் பக்கத்தில் வந்தார். "சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் நல்லதாக ஏதாவது சொல்லி யாராவது கேட்டதுண்டா? "அந்தப் பொண்ணு உங்களுக்குச் சொந்தம்னு தெரியும். ஆனா ஆட்டத்தோட முக்கியமான நேரத்துல..."

"விதி இருக்கே சார். எல்லாப் பிள்ளையும் ஒரு பாதி முழுக்கக் களத்துல நின்னாகணும். நடுவர் பாத்துக்கிட்டே இருப்பார்" என்றார் லிஃப்ட்டுக்காரர்.

களத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதானே விதி? அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். களத்தில் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லையே!

அடுத்த ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கும்போது, பயிற்சிக்கென்று அடுக்கிவைத்திருந்த ஆரஞ்சுப் பிளாஸ்டிக் கூம்புகளில் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு, சுண்டுவைத் தங்கள் பக்கத்து மூலைக்குக் கூட்டிப்போனார். கூம்பை வைத்தார். முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"சுண்டு, உனக்கு ஒரு பெரிய பொறுப்பு தரப்போறேன். இது எல்லாருக்கும் தர்றதில்ல. இதுக்குப் பேரு மூலைக் காவல்."

"என்ன பண்ணணும் மாமா?"

"இந்தக் கூம்பு பக்கத்துலயே நிக்கணும். கையை இப்படி விரிச்சு வச்சுக்கணும். அசையவே கூடாது. நீ நிக்கிறதைப் பாத்தாலே அவங்க இந்தப் பக்கம் வரப் பயப்படுவாங்க."

"பந்து வந்தா?"

"பந்தை மத்தவங்க பாத்துப்பாங்க. நீ காவல்காரி. காவல்காரி இடத்தை விட்டு நகர்ந்தா என்ன ஆகும்?"

சுண்டு யோசித்தாள். "திருடன் வந்துடுவான்."

"அதேதான்! என் மருமகள்னா மருமகள்தான்" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் ஒரு மாதிரி இருந்தது. குதிரை கோல் போட்டதும் அது போய்விட்டது.

அன்றைக்கு ஜெயித்தார்கள். அதற்கடுத்த ஆட்டமும் ஜெயித்தார்கள். சுண்டு மூலையில் கையை விரித்து, கண்ணை உருட்டி, மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்ததும் ஓடிவருவாள். "இன்னிக்கு ஒருத்தன்கூட என் பக்கம் வரல மாமா!" வருவார்களா? அந்தப் பக்கம் பந்தே போகாதபடி குதிரை பார்த்துக்கொண்டான். "உன்னைப் பாத்துப் பயந்துட்டாங்க" என்பார் லிஃப்ட்டுக்காரர். முதல் தடவை சொன்னபோது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. அப்புறம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

இதில் ஒரு வேடிக்கை, மற்றப் பிள்ளைகளுக்குப் பொறாமை வந்துவிட்டது. "சார், நான் எப்ப மூலைக் காவல் நிக்கிறது?" என்று நச்சரித்தார்கள். குதிரை ஒருநாள் அதற்காக அழுதே விட்டான். அவ்வளவுதான், பல் டாக்டர் வேகமாக வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. சொந்தக்காரப் பொண்ணுங்கிறதுக்காக முக்கியமான பொசிஷனை அவளுக்கே கொடுக்கிறது நியாயமா? என் பையன் என்ன கொறைஞ்சு போயிட்டான்?"

லிஃப்ட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. படித்த மனுஷன், பல்லையெல்லாம் பிடுங்குகிறவர், அவரே நம்பிவிட்டார்! "அடுத்த வருஷம் பாக்கலாம் சார்" என்று முணுமுணுத்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம், ஆனால் வரவில்லை. காது மடல் சுட்டது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுண்டு கையை விரித்து நின்றுகொண்டிருந்தாள். கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் கண் மட்டும் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை.

"என்னடி பண்றா இவ?"

"பிராக்டீஸாம்" என்றாள் தங்கச்சி, டீயை ஆற்றிக்கொண்டே. "தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் இதே வேலை. ஈ மேல வந்து உக்காந்தாலும் ஓட்ட மாட்டா. அண்ணா, நிஜமா சொல்லு, இவ சொல்றதெல்லாம் உண்மையா? மூலையில இவ இல்லாட்டி டீமே காலியாமே?"

ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்திலிருந்து அந்த இரண்டு கண்ணும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்ன சொல்வார்?

"பின்ன? பெரிய பொறுப்பாச்சே" என்றார்.

தங்கச்சி முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பக்கத்து கவுன்ட்டர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு ஒருத்தியைக் கெஞ்சிக் கூத்தாடி டியூட்டி மாத்திக்கிட்டேன் அண்ணா. ஃபைனலுக்கு வரேன். இவ விளையாடி நான் பாத்ததே இல்லையே."

 டீயில் பாதியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார். ஸ்கூட்டரில் போகும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கப் வந்துவிடட்டும். அப்புறம் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் ஒழுங்காக உதைக்கச் சொல்லிக்கொடுக்கலாம். எல்லாம் சரியாகிவிடும். ரெண்டே நிமிஷம் என்று கதவிடுக்கில் சொல்வாரே, அதே குரல்தான். இந்தத் தடவை கேட்டுக்கொண்டது அவரே.

ஃபைனல் அன்றைக்கு மைதானம் கொள்ளாத கூட்டம். தங்கச்சி இஸ்திரி போட்ட உடுப்பும் கையில் தண்ணி பாட்டிலுமாகக் கோட்டோரம் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர்களிடம், "அந்த மூலையில நிக்கப் போறா பாருங்க, அவதான் என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டுக்காரர் அந்தப் பக்கம் பார்வையையே திருப்பவில்லை.

முதல் பாதியில் பூங்கா டீம் ஒன்று போட்டது, குதிரை ஒன்று போட்டான். இரண்டாம் பாதியில் சுண்டு கூம்புக்குப் பக்கத்தில் போய் நின்று கையை விரித்தாள். அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு தடவை கண் சிமிட்டினாள்.

நேரம் ஓடியது. சமன் சமனாகவே போய்க்கொண்டிருந்தது. தொப்பி கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு நின்றார். அந்தப் புன்னகையைப் பார்க்கப் பார்க்க லிஃப்ட்டுக்காரருக்கு உள்ளுக்குள் கொதித்தது.

அப்போதுதான் பிள்ளைக் கூட்டத்துக்குள்ளிருந்து பந்து எப்படியோ பிதுங்கி வெளியே வந்தது. தட்டுத்தடுமாறி உருண்டு மூலைப் பக்கமாகப் போனது. புல்லில் வேகம் குறைந்து, சுண்டுவின் காலுக்கு முன்னால் வந்து நின்றது. சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லை. மற்றவர்கள் எல்லாம் பந்து எங்கே என்று ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

சுண்டு பந்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

"அடிடி! அடிடி கண்ணு! ஓங்கி அடி!" என்று தங்கச்சி கோட்டோரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்திலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சுண்டுவின் முகத்தில் ஒரு ஒளி வந்தது. விரித்த கை விரித்தபடி இருக்க, வலது காலைப் பின்னால் தூக்கினாள். எந்தக் கால் என்று யோசிக்கவே இல்லை. தூக்கிவிட்டாள்.

சொந்த கோல் பக்கத்திலேயே இருந்தது. பூங்கா டீம் பெண் ஒருத்தி பந்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். குதிரையும் ஓடிவந்துகொண்டிருந்தான்.

"தொடாதே!" என்று அலறினார் லிஃப்ட்டுக்காரர். "சுண்டு, நீ தொடாதே! விடு! அவன் எடுத்துப்பான், நீ தொடாதே!"

மைதானம் முழுக்கக் கேட்டது. கத்திக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். சுண்டு தூக்கின காலை மெதுவாகக் கீழே வைத்தாள். குதிரை வந்தான், அவள் காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு பறந்தான், மறுகோடி வரைக்கும் ஒரே ஓட்டம். கோல்.

நடுவர் கடைசி விசில் ஊதினார். பிள்ளைகள் எல்லாம் லிஃப்ட்டுக்காரர் மேல் விழுந்தார்கள். பல் டாக்டர் கட்டிப்பிடித்தார். தொப்பி வந்து கைகுலுக்கினார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷம் இந்த ஒரு நிமிஷத்துக்காக ஏங்கின மனுஷன், கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

சுண்டு மூச்சு வாங்க ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கழுத்தில் மெடல் ஆடியது. "மாமா, நான் தொடவே இல்ல! காலைத் தூக்கிட்டேன், ஆனா நீங்க சொன்னதும் வச்சுட்டேன். பாத்தீங்கல்ல?"

"பாத்தேம்மா" என்றார்.

தலையை நிமிர்த்தினார். தங்கச்சி கோட்டோரத்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, வரவில்லை. நாலு பேர் முன்னால் துணி அவிழ்ந்து நின்ற மாதிரி இருந்தது லிஃப்ட்டுக்காரருக்கு. கப்பைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, ஸ்கூட்டர் நிறுத்தியிருந்த பக்கம் போனார். தங்கச்சி பின்னாலேயே வந்தாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மூலைக் காவல்னு ஒண்ணு இருக்கா?"

"அது வந்து... இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு..."

"இருக்கா, இல்லையா?"

"இல்ல."

அவள் கத்தியிருந்தால் தேவலை. ரெண்டு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார். கத்தவில்லை. கவுன்ட்டரில் டிக்கெட் இல்லை என்று சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

"அவ சரியா ஆட மாட்டான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே உன்கிட்ட விட்டேன்? உக்கார வச்சிருந்தா, ஏன்டா உக்கார வச்சேன்னு சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். நீ என்ன பண்ணிருக்க? தினம் ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னாளே அண்ணா. பாத்துட்டுத்தானே டீ குடிச்ச?"

லிஃப்ட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அவகிட்டச் சொல்ல மாட்டேன். ஏமாத்தினது நீ. நீதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்று தலையாட்டினார். சொன்னாரா? அங்கேதான் மனுஷன் இன்னும் கீழே இறங்கினார். இன்றைக்கு வேலை, நாளைக்குத் தலைவலி, அந்த வாரம் ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குக் கயிறு மாற்ற வேண்டும் என்று நாளைக் கடத்தினார். தங்கச்சி வீட்டுத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனார். போகிற கட்டடத்திலெல்லாம் ஆட்கள் பிடித்துக்கொண்டு, "என்ன சார், கப் அடிச்சுட்டீங்களாமே!" என்றார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, லிஃப்ட்டைச் சரிபண்ண வந்த மனுஷன் ஒன்பது மாடியும் படியேறிப் போனார். ஒருநாள் லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு அம்மா, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். ரெண்டு நிமிஷம் என்று வாயில் வரவில்லை. "அரை மணி நேரம் ஆகும்மா" என்றார். அந்த அம்மா உள்ளே ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார்.

கப் அலமாரியில் இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் கண்ணெதிரே தெரிந்தது. முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். "ஏன், கப் உங்களைக் கடிக்குதா?" என்று மனைவி கேலி பண்ணினாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கண்ணை மூடினால் ஒரே ஒரு காட்சிதான் வந்தது. தூக்கின கால், மெதுவாகக் கீழே இறங்கின கால்.

கடைசியில் தங்கச்சியே ஃபோன் பண்ணினாள்.

ஸ்கூலில் விளையாட்டு தினத்துக்கு ஒத்திகை நடந்திருக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். சுண்டு வரிசையில் நிற்கவில்லை. மைதானத்து மூலைக்குப் போய்க் கையை விரித்து நின்றுகொண்டாள். டீச்சர் கூப்பிட்டதற்கு, அதுவரைக்கும் அந்த ஸ்கூலில் வாயே திறக்காத பிள்ளை, கணீரென்று சொல்லியிருக்கிறாள். "நீங்க எல்லாரும் ஓடுங்க டீச்சர். நான் இங்க பாத்துக்கறேன். நான் அசைய மாட்டேன்."

"பிள்ளைங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க அண்ணா" என்றாள் தங்கச்சி. "எதுக்குச் சிரிச்சாங்கன்னு என்னைக் கேக்கறா. நான் என்ன சொல்ல?"  ஃபோனை வைத்துவிட்டாள்.

லிஃப்ட்டுக்காரர் டூல் பையைக் கட்டடத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அப்படியே கிளம்பினார். கைகூடக் கழுவவில்லை.

தங்கச்சி கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. சுண்டு ஹாலில் தரையில் படுத்துக்கொண்டு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். "ஐ, மாமா!" என்று எழுந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சுண்டு, மாமா உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்மா."

"என்ன பொய்?"

"மூலைக் காவல்னு ஒரு வேலையே இல்ல. கால்பந்துல அப்படி ஒண்ணு கிடையாது. நான்தான் சும்மா சொன்னேன்."

சுண்டு அவரையே பார்த்தாள். கையிலிருந்த பச்சைப் பென்சிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அப்ப மூலையை யாரு பாத்துக்கறது?"

"மூலையை யாரும் பாத்துக்க வேண்டாம்மா. எல்லாரும் பந்துக்குப் பின்னாலதான் ஓடணும். நீயும் ஓடியிருக்கணும். உன்னை ஓட விடாம நான்தான் நிக்க வச்சுட்டேன். மாமாவுக்கு ஜெயிக்கணும்னு ஆசை. தப்பு என்னுதுதான்மா, உன்னுது இல்ல."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அவ்வளவுதான். அழுவாள், சமாதானப்படுத்தலாம் என்று நினைத்திருந்தார். சுண்டு அழவில்லை. யோசித்தாள். அவள் யோசிக்கிற பிள்ளை. ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அப்ப, அன்னிக்கு அந்தப் பந்தை நான் அடிச்சிருக்கலாமா மாமா?"

லிஃப்ட்டுக்காரர் தரையில் கிடந்த படத்தைப் பார்த்தார். 

"அடிச்சிருக்கலாம்மா."

சுண்டு தலையை ஆட்டினாள். பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினாள். எழுந்து, அவர் உட்காராத நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அம்மா, மாமா கெளம்புறாங்களாம்!" என்றாள்.

கிளம்புகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. தரையில் கையை ஊன்றி எழுந்தார், வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.